ஸ்கிராட்ச், பைதான், எழில்... பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது?

பிள்ளைக்குக் கோடிங், அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது, கற்றுத்தர எந்த மொழியில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை என்றால் ஸ்கிராட்ச். அதற்கு மேல், கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடாமல் ஓரளவு தட்டச்சு வருகிறது என்றால் பைதான், அதையும் ஆமையை நடத்திப் படம் வரைகிற டர்ட்டில் வழியாக. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை. விடை மட்டும் போதும் என்கிறவர்கள் இதோடு கிளம்பலாம், ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மீதி.

ஒவ்வொரு முழுப் பரீட்சை லீவுக்கும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். எந்த லாங்குவேஜுக்கு ஸ்கோப் இருக்கிறது, பைதான் சேர்க்கலாமா, ஜாவா சேர்க்கலாமா, ஏஐ கோர்ஸ் என்று ஏதோ சொல்கிறார்களே அது நல்லதா என்று. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஸ்கோப் பார்க்கிற ஊர் நம்முடையது, அதை இந்த ஜென்மத்தில் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அப்போது எது ஓடும் என்று இந்தத் துறையிலேயே குப்பை கொட்டுகிற எனக்கே தெரியாது. அதனால் சம்பளத்தை வைத்து மொழி பார்க்கிற வேலையை விட்டுவிட்டேன்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை தப்பு செய்கிற அந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறது? திரையில் என்ன தெரிகிறது, அதைப் பார்த்துப் பிள்ளையே சரிசெய்ய முடிகிறதா, இல்லை "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறதா? கோடிங் என்பதில் பாதிக்கு மேல் தப்பைத் தேடுகிற வேலைதான். பெரியவர்களான நமக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள், குழந்தைக்கு யாரும் தருவதில்லை. என் மகள், அக்கா பையன், பிளாக்கில் இருக்கிற மற்ற வாண்டுகள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்ததில் இந்த ஒரு அளவுகோல்தான் தேறியது.

முதலில் ஸ்கிராட்ச். எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு செய்தது, 2007-இல் வெளிவந்தது, இப்போது ஓடுகிற மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. முழுக்க இலவசம். பிரவுசரிலேயே ஓடும், நெட் சரியில்லாத வீட்டுக்கு டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும் பதிப்பும் உண்டு. கட்டளைகள் எல்லாம் வண்ண வண்ண பிளாக்குகள். இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால் திரையில் இருக்கிற ஆரஞ்சுப் பூனை அதன்படி நடக்கும். ஒட்டக்கூடாத இடத்தில் பிளாக் ஒட்டவே ஒட்டாது. ஆமாவா இல்லையா என்று விடை தருகிற பிளாக் அறுகோணமாக இருக்கும், எண்ணோ சொல்லோ தருகிற பிளாக் ஓரம் உருண்டிருக்கும், வடிவம் பொருந்துகிற குழிக்குள்தான் போகும். கமா விட்டுப்போச்சு, பிராக்கெட் மூடவில்லை என்கிற வகைப் பிழைக்கே இதில் இடமில்லை.

அப்படியானால் தப்பே வராதா என்றால், நிறைய வரும். வருவதெல்லாம் யோசனையில் இருக்கிற தப்பு, அதுவும் கண்ணெதிரே வரும். பூனையை நடக்கவைத்து "ஓரத்தில் இடித்தால் திரும்பு" என்ற பிளாக்கையும் போட்டால், வலது ஓரத்தில் இடித்ததும் பூனை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு திரும்பி வரும். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பூனைக்குத் தலை சுத்திடுச்சு." சிரித்து முடித்ததும் அவளே மோஷன் பகுதியில் துழாவி, சுழலும் விதத்தை இடம்-வலம் என்று மாற்றுகிற பிளாக்கைக் கண்டுபிடித்துப் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சிவப்பு எழுத்தும் அவளைத் திட்டவில்லை, பூனைதான் கோணலாக நடந்து காட்டியது.

இன்னொன்று, ஸ்கோர். ஆப்பிளைப் பிடித்தால் ஒரு பாயின்ட் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரு கேம் செய்யும். முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு வாங்கியிருக்கும், ஆட்டத்தைத் தொடங்குகிற பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினால் ஸ்கோர் பன்னிரண்டிலிருந்தே தொடங்கும். ஆரம்பத்தில் பூஜ்யமாக்கு என்று யாராவது சொன்னால்தானே அது ஆக்கும்? கம்ப்யூட்டர் தானாக எதையும் ஊகித்துக்கொள்ளாது என்பதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாது, இந்தப் பன்னிரண்டு ஏற்றிவிடும். அதே மாதிரி, "சுவரைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது" என்று ஒரு நிபந்தனையை மட்டும் போட்டுவிட்டு, அதை எப்போதும் சுழல்கிற பிளாக்குக்குள் வைக்க மறந்துவிடுவார்கள். கொடி அழுத்திய நொடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு அந்த நிபந்தனை தூங்கப் போய்விடும். ஏன் வேலை செய்யவில்லை என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்கள் பாருங்கள், அந்த யோசனைக்குத்தான் இத்தனை பாடும்.

கணக்குப் பாடத்துக்கும் இதில் லாபம் உண்டு. பூனை நடமாடுகிற மேடையின் அகலம் 480, உயரம் 360, நட்ட நடுவில் பூஜ்யம். இடப்பக்கம் போனால் மைனஸ் 240 வரை, கீழே போனால் மைனஸ் 180 வரை. பள்ளியில் குறை எண்கள் நடத்துவதற்கு முன்பே என் மகளுக்கு மைனஸ் என்றால் அந்தப் பக்கம் என்று புரிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை, ஸ்கிராட்சில் திசைக் கணக்கு மேலே பூஜ்யம், வலப்பக்கம் 90. கணக்குப் புத்தகத்திலும் பைதான் டர்ட்டிலிலும் வலப்பக்கம்தான் பூஜ்யம். பின்னால் மாறும்போது ஒரு நாள் குழம்புவார்கள், குழம்பட்டும்.

குறை சொல்லாமல் விட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஸ்கிராட்ச் தளத்தில் மற்ற பிள்ளைகள் செய்த கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதைத் திறந்தாலும் "உள்ளே பார்" என்று அழுத்தி அதன் பிளாக்குகளைப் பார்க்கலாம், மாற்றலாம், தன் பெயரில் மறுபடி வெளியிடலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பாதிப் பிள்ளைகள் உள்ளே பார்ப்பதில்லை, விளையாடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். "கோடிங் பண்றேம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எவனோ செய்த கேமில் தாவித் தாவிக் குதித்துக்கொண்டிருப்பான். அதற்கு டவுன்லோடு பதிப்பு நல்ல மருந்து, அதில் மற்றவர்கள் கேம் இருக்காது. அப்புறம், ஃபோனின் சின்னத் திரையில் பிளாக் இழுப்பது சித்திரவதை. லேப்டாப் வேண்டும், அது முடியாவிட்டால் டேப்லெட்டாவது வேண்டும். பெரிய புரோகிராம் எழுதும்போது இன்னொரு தொல்லை, நாமே உருவாக்குகிற பிளாக் ஒரு கணக்கைப் போட்டு விடையைத் திருப்பித் தராது, வேரியபிள் என்கிற, பெயர் ஒட்டிய பெட்டியில் போட்டு வைத்து எடுக்க வேண்டும். அந்தக் குறை கண்ணில் படுகிற அளவுக்குப் பிள்ளை வளர்ந்துவிட்டால் ஸ்கிராட்ச் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று டேப்லெட்டில் ஓடுவது தனியாக இருக்கிறது. எழுத்தே வேண்டாம், எல்லாம் படம்தான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் மண்ணில் விளையாடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, பைதான். கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட மொழி, வயதில் என் தம்பிக்குச் சமம். "ரொம்ப ஈஸி, இங்கிலீஷ் மாதிரியே இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கு ஈஸி? ஏற்கெனவே இரண்டு மொழி தெரிந்தவனுக்கு ஈஸி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்க கீபோர்டோடுதான் மல்லுக்கட்டு. கோலன் எங்கே, அண்டர்ஸ்கோர் எங்கே, ஷிஃப்டை எப்போது விடுவது. வரியின் தொடக்கத்தில் ஒரு ஸ்பேஸ் கூடினால் பிழை, குறைந்தால் பிழை. ஸ்கிராட்சில் யோசனைத் தப்பு மட்டும்தான், இங்கே விரல் தப்பும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் தட்டச்சு வந்த பிறகு என்றேன். வயதைவிட விரல்தான் கணக்கு.

ஆனால் ஒன்றை மனம் விட்டுப் பாராட்ட வேண்டும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து பைதான் பிழை சொல்கிற விதமே மாறிவிட்டது. திரையில் காட்டு என்று சொல்கிற பிரிண்ட் கட்டளையில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டுவிட்டால் (நம் பிள்ளைகள் எல்லோரும் போடுவார்கள், வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்லி இங்கிலீஷ் மிஸ் பழக்கியிருக்கிறார்), "இப்படி ஒரு பெயர் கிடையாது, நீ சொல்ல வந்தது சின்ன எழுத்தில் இருக்கிற அதுவா?" என்று கேட்கிறது. கோலன் விட்டால் கோலன் எதிர்பார்த்தேன் என்கிறது. முன்பெல்லாம் தொடரியல் பிழை என்று மொட்டையாக ஒரு வரி, அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் பழைய பதிப்பு இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு உட்காருங்கள், பாதிக் கண்ணீர் மிச்சமாகும்.

டியூஷன் சார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற புரோகிராமைக் காப்பி பேஸ்ட் செய்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் ஒரு கண்ணி உண்டு. சார் அதை வேர்டில் அடித்து அனுப்பியிருந்தால் மேற்கோள் குறிகள் அழகாக வளைந்து வந்து நிற்கும், பைதானுக்கோ நேராக நிற்கிற குறிதான் வேண்டும். அக்கா பையன் இதில் மாட்டிக்கொண்டு, "மாமா, சார் அனுப்பினதை அப்படியே போட்டேன், ஒரு எழுத்துகூட மாத்தல, ஓட மாட்டேங்குது" என்று ஃபோன் செய்தான். இரண்டு குறியையும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் நம்பினான். இதற்கு ஒரே வழி, கையால் அடிக்கச் சொல்வதுதான்.

அடுத்த இடறல், கேள்வி கேட்டு விடை வாங்குகிற இன்புட். ஐந்தும் ஏழும் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 57 என்று சொல்லும். கீபோர்டிலிருந்து வருவது எல்லாமே பைதானுக்கு எழுத்துதான், எண்ணாக மாற்று என்று நாம் சொன்னால்தான் மாற்றும். இதைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், "லூசு" என்று திட்டுகிறார்கள், அப்புறம் மறக்கவே மாட்டார்கள். இந்த மாதிரி நல்ல தப்பு எனக்குப் பிடிக்கும்.

எதில் வைத்து எழுதுவது என்பதும் முக்கியம். தானி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கென்றே உருவானது. பைதான் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டாம். ஒவ்வொரு வரியாக ஓட்டிக் காட்டும், எந்த வேரியபிளில் இப்போது என்ன இருக்கிறது என்று பக்கத்தில் பட்டியல் போடும். கம்பெனியில் நாங்கள் பயன்படுத்துகிற பெரிய எடிட்டரைப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், பிள்ளை மெனுவைப் பார்த்தே மிரண்டுவிடும்.

டர்ட்டிலுக்கு வருவோம். ஆமையை முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று நடத்திப் படம் வரைகிற யோசனை 1967-இல் பிறந்த லோகோ மொழி வழி வந்தது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபாய்ர்சைக் மூவரும் சேர்ந்து குழந்தைகளுக்காகவே செய்த மொழி அது. எண்பது தொண்ணூறுகளில் நம் மெட்ரிக் பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் பார்த்தவர்களுக்கு அந்தக் குட்டி முக்கோண ஆமை ஞாபகம் இருக்கலாம். பைதானோடு அது இலவச இணைப்பாகவே வருகிறது. முக்கோணம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் 60 டிகிரி திருப்பும், ஆமை முக்கோணம் போடாமல் அறுகோணத்துக்குக் கிளம்பிவிடும். திருப்ப வேண்டியது வெளிக்கோணம், 120. வடிவியல் வகுப்பில் இதைக் கேட்டுத் தூங்கியவர்கள் இங்கே விழித்துக்கொள்கிறார்கள். மறக்காமல் ஒன்று, ஃபைலுக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்துச் சேமிக்காதீர்கள். பைதான் உண்மையான டர்ட்டிலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்று முழிக்கும். புதிய பதிப்புகளில் பெயரை மாற்றிப் பார் என்று அதுவே சொல்லித் தருகிறது.

எங்கள் வீட்டில் டர்ட்டில் பிழைத்தது கோலத்தால். சதுரம், வட்டம், நட்சத்திரம் எல்லாம் வரைந்து சலித்துப்போன மகளிடம், மார்கழியில் பாட்டி போடுகிற ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். ஏழு புள்ளியில் தொடங்கி நாலில் முடிகிற கணக்கு. அவளுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நேராகப் பாட்டியிடம் போனாள். "அடுத்த வரிசைக்கு ஒரு புள்ளி குறைச்சுக்கோ கண்ணு, ரெண்டு புள்ளிக்கு நடுவுல வர்ற மாதிரி பாதி தள்ளி வை, நாலு வந்ததும் நிறுத்திடு, அப்புறம் மேலேயும் அதே மாதிரி வை." இது அப்படியே ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்பச் செய் என்கிற கட்டளை) இன்னொரு லூப், எங்கே நிறுத்துவது என்கிற நிபந்தனையும் உள்ளேயே இருக்கிறது. மகள் அதை அப்படியே எழுதினாள், பாதி தள்ளுவதை மட்டும் இடப்பக்கம் தள்ளிவிட்டாள், கோலம் சாய்ந்த கோபுரமாக வந்தது. பாட்டி திரையைப் பார்த்து, "என்னடி இது, சரிஞ்சு கிடக்கு" என்றார். அவ்வளவு நல்ல பிழைச் செய்தி எந்த மொழியிலும் கிடையாது.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இருக்கிற உறவு இன்று நேற்று வந்ததும் இல்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970-களிலேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மிதப்பு வருகிறது.

தமிழில் எழுத்து வேலை செய்ய ஆரம்பித்தால் பைதான் ஒரு இடத்தில் காலை வாரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வணக்கம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் 7 என்று சொல்லும். நமக்கு ஐந்துதான். பைதான் க-வைத் தனியாகவும் அதன் மேல் இருக்கிற புள்ளியைத் தனியாகவும் எண்ணுகிறது, கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடில் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. இதைவிட வேடிக்கை, முன்னும் பின்னும் ஒரே மாதிரி வருகிற சொல்லா என்று பார்க்கிற புரோகிராம் எல்லா வகுப்பிலும் உண்டு. அதில் விகடகவியைக் கொடுத்தால் இல்லை என்று அடித்துச் சொல்கிறது! வி-யில் இருக்கிற கொக்கி, திருப்பும்போது வ-வை விட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொள்கிறது. ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். ஆனால் உடனே அதைக் கொடுத்துவிடாதீர்கள், பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு விகடகவி ஏன் தோற்றது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடுகிற துப்பறியும் கதை.

தமிழ் என்றதும் எழில் ஞாபகம் வரும். முத்து அண்ணாமலை உருவாக்கிய நிரல்மொழி, உள்ளே பைதானில் கட்டியது, கட்டளைகள் எல்லாம் தமிழ். அச்சிட "பதிப்பி". நிபந்தனைக்கு, அடைப்புக்குள் நிபந்தனையை எழுதிவிட்டு அதன்பின் "ஆனால்", இல்லாவிட்டால் "இல்லை", கடைசியில் "முடி". நாம் பேசுகிற வரிசையிலேயே நிபந்தனை முன்னால் வந்துவிடுகிறது, அது எனக்குப் பிடித்திருந்தது. தமிழ் வழியில் படிக்கிற, ஆங்கிலம் என்றாலே தொண்டை அடைக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பார்த்தேன், சட்டென்று முகம் தெளிந்தது. கம்ப்யூட்டர் இங்கிலீஷ்காரர்களுக்கு மட்டும் கட்டுப்பட்ட பொருள் என்ற பயம் அந்த மேசையிலேயே போய்விட்டது.

அதற்காக எழிலையே முதல் மொழியாக வைத்து ஓட்ட முடியுமா என்றால், எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க, மற்ற பிள்ளைகள் செய்ததைத் திறந்து பார்க்க, ஸ்கிராட்சுக்கு இருக்கிற மாதிரி ஒரு கூட்டம் இதைச் சுற்றி இல்லை. தமிழ் தட்டச்சும் பழக வேண்டும், தமிழ்99 என்ற கீபோர்டு முறை பழகினால் வேகமாக வரும், ஆனால் ஃபோனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே பழகிய தலைமுறை இது. கொஞ்ச நாள் எழில், அதே புரோகிராமைப் பைதானில் மாற்றி எழுது என்று கொண்டுபோனால் நன்றாக வருகிறது.

ஸ்கிராட்சிலிருந்து பைதானுக்குத் தாவுகிற இடத்தில் பிள்ளை தடுமாறினால் ஹெடி என்று ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஃபெலியென் ஹெர்மன்ஸ் 2020-இல் செய்தது, பிரவுசரில் இலவசம். முதல் நிலையில் பிராக்கெட்டும் வேண்டாம், மேற்கோளும் வேண்டாம். நாலாவது நிலையில் மேற்கோள் வரும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி கடைசி நிலையில் பைதான் மாதிரியே எழுதவைத்துவிடுகிறது. எழுத்துப் பிழைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இது நல்ல ஏணி. சூட்டிகையான பிள்ளைக்குப் பொறுமை போய்விடும், நேராகப் பைதானுக்கே போகட்டும்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் எல்லா பிரவுசரிலும் இருக்கிறது, ஆனால் என் அளவுகோலில் தோற்கிறது. "5"-ஓடு 2-ஐக் கூட்டினால் 52, "5"-இலிருந்து 2-ஐக் கழித்தால் 3, இரண்டையும் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொல்லும். பெரிய தப்பு செய்தால் வெள்ளைப் பக்கம் மட்டும் வரும், பிழைச் செய்தி எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும். சி பிளஸ் பிளஸ் வேண்டவே வேண்டாம். நாலாவது வரியில் அரைப்புள்ளி விட்டால் பல சமயம் ஐந்தாவது வரியைக் காட்டித் திட்டும், பிள்ளை ஐந்தாவது வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் டர்போ என்கிற பழைய நீலத் திரை மென்பொருளில் அதைச் சொல்லித் தருகிற சென்டர்கள் இருக்கின்றன, அங்கே போகிறவர்களைத் தடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

ஃபோனில் ஓடுகிற ஆப் செய்ய உதவுகிற எம்ஐடி ஆப் இன்வென்டர் நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் ஆண்ட்ராய்டு ஃபோன் இல்லாத வீடு குறைவு. பிளாக்கில்தான் எழுதுவது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அம்மா ஃபோனிலேயே ஓடும். ஃபோனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் இணைப்பு தகராறு செய்யாது. ஸ்கிராட்ச் முடித்த பிள்ளைக்கு இது திருவிழா. முதல் மொழியாக வைத்தால் பட்டனை எங்கே வைப்பது, என்ன நிறம் என்பதிலேயே நாள் போய்விடுகிறது.

மைக்ரோபிட் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, பிபிசி 2016-இல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தது. உள்ளங்கையில் அடங்கும், 25 குட்டி விளக்கு, இரண்டு பட்டன், ஆட்டினால் அதற்குத் தெரியும். கையில் பிடித்து ஆட்டுவதில் இருக்கிற குஷி திரையில் வராது. விலை கொஞ்சம் கடிக்கும். வாங்குவதற்கு முன் மேக்கோட் தளத்தில் அதன் மாதிரி வடிவம் இலவசமாக ஓடுகிறது, அதில் விளையாடிவிட்டு, பிள்ளை மறுபடி மறுபடி கேட்டால் வாங்குங்கள்.

இப்போது பணம் கட்டுகிற வகுப்புகள். எதிர் ஃபிளாட்டில் ஒரு ஆன்லைன் நிறுவனத்தில் சேர்த்தார்கள், பெயர் வேண்டாம். டெமோ வகுப்பு முடிந்த மறுநிமிஷம் ஃபோன், "உங்க பையனுக்கு லாஜிக்கல் திங்கிங் அபாரமா இருக்கு சார், இன்னிக்கே சேர்ந்தா ஆஃபர்." எல்லாப் பிள்ளைக்கும் அபாரம்தான். கோர்ஸ் முடிவில் பையன் ஒரு ஆப் செய்திருந்தான், சான்றிதழும் வந்தது, குடும்பக் குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஆப்பை என் மேசையில் திறந்து, தலைப்பை மாற்று என்றேன், மாற்றினான். புதிதாக ஒரு பட்டன் வைத்து அதை அழுத்தினால் எண் ஒன்று கூடவேண்டும் என்றேன், திருதிருவென்று விழித்தான். ஆசிரியர் தந்த மாதிரியில் படத்தையும் நிறத்தையும் மாற்றியதுதான் அவன் செய்த வேலை. அவன் மேல் தப்பில்லை, அவனுக்குத் தப்பு செய்யவே வாய்ப்புத் தரவில்லை. எல்லாம் முதல் தடவையிலேயே ஓடுகிற மாதிரி தயார் செய்து வைத்திருந்தார்கள், அப்பா அம்மாவுக்குக் காட்ட வேண்டுமே. பாதியில் நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்ட இன்னொரு வீட்டுக்காரர் இன்னும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

வகுப்பில் சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள், வகுப்பு நேரத்தில் காலித் திரையிலிருந்து தொடங்குவார்களா என்று. பிள்ளை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்வாரா என்றும் கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

"ஸ்கூல் சிலபஸுக்கு இது உதவுமா?" என்று கேட்பவர்களுக்காக. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் காட்சித் தொடர்பு என்று ஒரு பாடம், அதில் ஸ்கிராட்ச் வருகிறது. ஸ்ப்ரைட் (பூனை மாதிரி நாம் நடத்துகிற உருவம்) என்றால் என்ன, மேடை என்றால் என்ன என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறார்கள், லேபில் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. ஏற்கெனவே வீட்டில் பூனையைத் தலைகீழாக நடத்தியவளுக்கு அந்தப் பாடம் படிக்கவே வேண்டாம். மேல்நிலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான். இந்த வரிசையை யார் யோசித்தார்களோ. சிபிஎஸ்இ-யில் இரண்டு வருஷமும் பைதான்தான். அக்கா பையனுக்குப் பதினொன்றாவது வந்துவிட்டது, "மாமா, பைதான் தெரிஞ்சும் இந்த அரைப்புள்ளி படுத்துது" என்கிறான். படுத்தட்டும். லூப் என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன என்று அவனுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அரைப்புள்ளியை மட்டும் தேடினால் போதும். முந்தின வரியில் தேடு என்று சொல்லியிருக்கிறேன்.